சைட்டேஷன் 5,000 என்றால் என்ன அர்த்தம்? ஆட்டிச மரபணு ஆய்வாளர் ஒருவரின் பதிவைப் படிக்கும் வழி

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் இரண்டு வகை. உயிரித் தொழில்நுட்பமோ விலங்கியலோ எம்.எஸ்சி. முடித்துவிட்டு பிஎச்.டி.க்கு கைடு தேடும் பிள்ளைகள் ஒரு பக்கம். குழந்தைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து ராத்திரி தூங்காமல் போனில் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோர் இன்னொரு பக்கம். தேடினால் கூகுள் ஸ்காலரில் ஒரு பெயர் வரும். பக்கத்திலேயே சைட்டேஷன் 5,000, எச்-இண்டெக்ஸ் 30 என்று எண்கள் நிற்கும். பெரிய ஆள் போலிருக்கிறது என்று பலரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

அங்கே நிறுத்தக் கூடாது. ஒரு கட்டுரையைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை குறிப்பிட்டன என்ற கணக்குதான் சைட்டேஷன். பாராட்டிக் குறிப்பிட்டாலும் ஒன்று, 'இது தப்பு' என்று குறிப்பிட்டாலும் ஒன்று. ஆட்டிசமும் மரபணுவும் சேரும் இந்தத் துறையில் அந்த எண் கொஞ்சம் அதிகமாகவே ஏமாற்றும். அதனால் எண்ணுக்குப் பின்னால் இருப்பதை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். ஒரு கம்ப்யூட்டர், ஒரு மத்தியானப் பொழுது, ஒரு வெள்ளைத்தாள் போதும். போனிலும் செய்யலாம், ஆனால் நாலைந்து பக்கங்களைத் திறந்து வைத்து மாறி மாறிப் பார்க்க வேண்டிய வேலை இது.

முதலில் ஆள் யார் என்று உறுதி செய்யுங்கள்

நம் ஊர்ப் பெயர்களில்தான் முதல் சிக்கல். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். வெளிநாட்டு ஆய்விதழ்களின் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். கலியபெருமாள் மகன் முருகேசன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஒரு கட்டுரையில் அவர் 'கே. முருகேசன்'. அடுத்ததில் இனிஷியலை விரித்து 'முருகேசன் கலியபெருமாள்' என்று கொடுத்திருப்பார். மருத்துவ, உயிரியல் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளம் அதை 'கலியபெருமாள் எம்.' என்று சுருக்கிக்கொள்ளும். மகன் எழுதிய கட்டுரை இப்போது அப்பா பெயரில் நிற்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றிக்கொண்ட பெண் ஆய்வாளர்களின் பட்டியல் இரண்டாக உடைந்து கிடக்கும். ஒரு பாதியை மட்டும் பார்த்துவிட்டு 'இவ்வளவுதானா' என்று முடிவு கட்டுவது அநியாயம்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. 'எஸ். குமார்' என்று தேடிப் பாருங்கள். நெல் ஆராய்ச்சி செய்பவர், இதய மருத்துவர், கான்கிரீட் கலவையை ஆராய்பவர் எல்லோரும் வந்து நிற்பார்கள். கூகுள் ஸ்காலர் பக்கம் என்பது அந்தந்த ஆய்வாளரே திறந்து வைத்துக்கொள்வது. புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும்படி விட்டிருந்தால், அதே பெயருள்ள அடுத்தவர் கட்டுரையும் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். உடனே திருட்டு என்று நினைக்க வேண்டாம். தங்கள் பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர்கள் நிறைய பேர். ஆனால் மரபணு ஆய்வாளரின் பட்டியலில் உச்சியில் கான்கிரீட் கட்டுரை இருந்தால், அதன் சைட்டேஷனைக் கழித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

இந்தக் குழப்பத்துக்காகத்தான் 2012இல் ஆர்கிட் எண் வந்தது. ஆய்வாளருக்கு ஆள் மாறாதபடி 16 இலக்க எண் ஒன்று. கட்டுரையின் முதல் பக்கத்தில் பெயருக்குப் பக்கத்தில் பச்சை வட்டமாக ஒரு குறி தெரியும், அதைத் தொட்டால் போதும். இந்தியாவில் வேலை செய்பவர் என்றால் இன்ஃப்லிப்நெட் என்ற அரசு மையம் நடத்தும், ஆய்வாளர்களின் விவரம் உள்ள வித்வான் தளத்திலும் பாருங்கள். ஊர்ப் பெயரையும் எல்லா எழுத்துக்கூட்டலிலும் போட வேண்டும். தஞ்சாவூர் ஒரு கட்டுரையில் டாஞ்சூராக இருக்கும், திருச்சிராப்பள்ளி இன்னொன்றில் ட்ரிச்சியாக இருக்கும்.

கைடு தேடும் பிள்ளைகள் ஷோத்கங்காவை விட்டுவிடாதீர்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் சேரும் இடம் அது. அங்கே கைடின் பெயரைக் கொண்டும் தேடலாம். அவரிடம் சேர்ந்தவர்கள் எந்தத் தலைப்பில், எந்த ஆண்டில் பட்டம் வாங்கினார்கள் என்பது தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் எச்-இண்டெக்ஸைவிட இதுதான் உபயோகமான தகவல்.

எண்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகருங்கள்

எச்-இண்டெக்ஸை 2005இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். கணக்கு சுலபம். ஒருவரின் ஐந்து கட்டுரைகளுக்கு முறையே 40, 12, 6, 4, 1 சைட்டேஷன் என்று வையுங்கள். குறைந்தது நாலு சைட்டேஷன் உள்ள கட்டுரைகள் நாலு இருக்கின்றன. ஐந்துக்குக் குறையாத கட்டுரைகள் ஐந்து இல்லை. ஆகவே எச்-இண்டெக்ஸ் 4. பத்தும் அதற்கு மேலும் சைட்டேஷன் வாங்கிய கட்டுரைகளின் எண்ணிக்கை ஐ-10, இங்கே அது 2.

வயதாக வயதாக எச்-இண்டெக்ஸ் ஏறுமே தவிர இறங்காது. ஆகவே முப்பத்தைந்து வயதுக்காரரையும் அறுபது வயதுக்காரரையும் இதை வைத்து ஒப்பிடுவதில் பொருள் இல்லை. கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, இதழில் வருமுன் இணையத்தில் போடும் முன்பதிப்பு, மாநாட்டுத் தொகுப்பு எல்லாவற்றிலிருந்தும் எண்ணும். ஸ்கோபஸ் என்ற தரவுத்தளமோ, தான் தேர்ந்தெடுத்த இதழ்களிலிருந்து மட்டும் பெரும்பாலும் எண்ணும். அதனால் ஒரே ஆளுக்கு இரண்டு தளத்தில் இரண்டு எண் வரும், கூகுளில்தான் பொதுவாக அதிகமாக இருக்கும்.

கல்லூரி வாசலில் 'உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானி' என்று ஃபிளெக்ஸ் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் கொடுக்கும் விருது இல்லை. அங்கே பணிபுரியும் ஜான் இயோனிடிஸும் சகாக்களும் ஸ்கோபஸ் தரவை வைத்து ஆண்டுதோறும் தயாரிக்கும் பட்டியல். வாழ்நாள் கணக்கு ஒன்று, ஓராண்டுக் கணக்கு ஒன்று என்று அதில் இரண்டு உண்டு. ஃபிளெக்ஸில் எது என்று எழுதியிருக்காது. தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டிக்கொண்டதைக் கழித்த கணக்கும் அந்தப் பட்டியலிலேயே கிடைக்கும், அதைப் பாருங்கள்.

பெயர் எந்த இடத்தில் நிற்கிறது?

ஆட்டிசத்துக்கு என்று ஒற்றை மரபணு கிடையாது. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சம்பந்தப்படுகின்றன. அவற்றில் பலவற்றில் மாற்றம் வருவது மிக அரிது. ஆகவே ஆயிரக்கணக்கான குடும்பங்களின் மாதிரியைச் சேர்த்தால்தான் ஏதாவது உறுதியாகச் சொல்ல முடியும். 2020இல் 'செல்' இதழில் வந்த ஆய்வில் 35,584 பேரின் மாதிரிகள், அதில் ஆட்டிசம் உள்ளவர்கள் 11,986 பேர், கண்டது 102 மரபணுக்கள். பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து செய்த வேலை. ஆசிரியர்களையும் கூட்டமைப்பு உறுப்பினர்களையும் சேர்த்து எண்ணினால் நூறு பேரைத் தாண்டும். அந்தக் கட்டுரைக்கு வரும் ஒவ்வொரு சைட்டேஷனும் அதில் ஆசிரியராக உள்ள அத்தனை பேரின் கணக்கிலும் முழுசாக ஏறும். ஆராய்ச்சியை வடிவமைத்தவருக்கும் ஏறும், ஐம்பது ரத்த மாதிரி அனுப்பி வைத்தவருக்கும் ஏறும். கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று அச்சடித்த பெயர்கள் எல்லாம் பந்தல் செலவைப் பங்கிட்டவர்கள் இல்லையே, அதுபோலத்தான்.

மாதிரி அனுப்புவது சின்ன வேலை என்று சொல்லவில்லை. குடும்பங்களைச் சம்மதிக்க வைத்து, முறையாக மதிப்பீடு செய்து ரத்தம் எடுப்பது வருஷக்கணக்கான உழைப்பு. ஆனால் நீங்கள் கைடு தேடும்போது தெரிய வேண்டியது, அவருடைய ஆய்வகத்தில் எந்த வேலை நடக்கிறது என்பதுதான். உயிரியல், மருத்துவக் கட்டுரைகளில் முதல் பெயர் பெரும்பாலும் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத்தை நடத்துபவருடையது. தொடர்புக்குரிய ஆசிரியர் என்று ஒருவர் குறிக்கப்பட்டிருப்பார். பப்மெட்டின் அட்வான்ஸ்டு தேடலில் முதல் ஆசிரியர், கடைசி ஆசிரியர் என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துத் தேடலாம். இரண்டையும் தேடி, எண்ணிக்கையைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தம் எண்பது கட்டுரை, அதில் கடைசிப் பெயராக மூன்றுதான் என்றால் படம் மாறிவிடும். சந்தேகம் இருந்தால் கட்டுரையின் கடைசியில் 'யார் என்ன செய்தார்' என்ற சிறு பத்தி இருக்கும், அதைப் படியுங்கள்.

அந்தக் கட்டுரை எந்த வகை?

அதிகம் சைட்டேஷன் வாங்கிய பத்துக் கட்டுரைகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றும் என்ன வகை என்று எழுதுங்கள். அடுத்தவர் கண்டுபிடிப்புகளைத் தொகுத்துச் சொல்லும் விமர்சனக் கட்டுரை எளிதாக மேற்கோள் வாங்கும். மதிப்பீட்டுக் கருவியைப் பற்றிய கட்டுரை அதைவிட வாங்கும். ஆட்டிசத்தைக் கண்டறியப் பயன்படும் ஏடாஸ், ஏடிஐ-ஆர் போன்ற கருவிகளை எந்த ஆய்வில் பயன்படுத்தினாலும் அவற்றின் மூலக் கட்டுரைகளைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். இது குறை இல்லை. ஆனால் மரபணுவில் ஏதோ கண்டுபிடித்ததற்கான எண் அல்ல அது.

மூன்றாவது வகையில்தான் கவனம் வேண்டும். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில், 'இந்த மரபணு காரணமாக இருக்கலாம்' என்று முன்கூட்டியே ஊகித்து, சில நூறு பேரிடம் மட்டும் சோதித்த ஆய்வுகள் நிறைய வந்தன. செரட்டோனினைக் கடத்தும் புரதத்தின் மரபணு அப்படி அடிபட்ட ஒன்று. பெரிய மாதிரிகள் வந்த பிறகு அவற்றில் பலவற்றுக்கு ஆதாரம் நிலைக்கவில்லை. ஆனால் பழைய சைட்டேஷன் அழியாது, எண்ணில் அப்படியே நிற்கும். மாறாக, 2003இல் தோமா பூர்ழெரோன் குழு நரம்புச் செல்கள் சந்திக்கும் இடத்தில் வேலை செய்யும் இரண்டு நியூரோலிஜின் மரபணுக்களில் கண்ட மாற்றம் ஒரு சில குடும்பங்களை வைத்துத்தான். நரம்புச் சந்திப்புகளின் பக்கம் துறையைத் திருப்பியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே மாதிரி சின்னது என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிடவும் முடியாது.

சரி, எப்படிச் சோதிப்பது? கட்டுரையின் தலைப்பில் உள்ள மரபணுவின் பெயரை எடுத்து ஸ்ஃபாரி ஜீன் என்ற இலவசத் தளத்தில் போடுங்கள். ஆட்டிசத்தோடு அதற்குள்ள தொடர்புக்கு ஆதாரம் எவ்வளவு வலு என்று 1, 2, 3 என மதிப்பெண் கொடுத்திருப்பார்கள். 1 என்றால் வலுவானது. தளத்தில் அந்தப் பெயரே இல்லை என்றால், அப்புறம் அந்தக் கட்டுரையின் 400 சைட்டேஷனை வேறு கண்ணால் பார்ப்பீர்கள்.

மேற்கோள் காட்டியவர்கள் என்ன சொன்னார்கள்?

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான், பலரும் தாண்டிப் போவதும் இதைத்தான். இரண்டு பழைய கட்டுரைகளை வைத்துப் பழகிக்கொள்ளலாம்.

1977இல் 'நேச்சர்' இதழில் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் எழுதியது ஒன்று. 21 ஜோடி இரட்டையர்கள். உருவம் ஒத்த 11 ஜோடிகளில் 4 ஜோடியில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. ஒத்திராத 10 ஜோடிகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. வளர்ப்பில்தான் குறை என்று அம்மாவைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், மரபணுவுக்குப் பங்கு உண்டு என்று காட்டிய முதல் இரட்டையர் ஆய்வு அது.

1998இல் 'லான்செட்' இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் பன்னிரண்டு பேரும் எழுதியது இன்னொன்று. 12 குழந்தைகள். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லாவுக்கான எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட கட்டுரை. 2004இல் அவரோடு எழுதியவர்களில் பத்துப் பேர் அந்த விளக்கத்திலிருந்து விலகிக்கொண்டார்கள். 2010இல் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு வேக்ஃபீல்டின் பெயர் பிரிட்டிஷ் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

இரண்டுமே சின்ன மாதிரி, இரண்டுமே ஏராளமாக மேற்கோள் காட்டப்பட்டவை. எண்ணை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இப்போது கூகுள் ஸ்காலரில் ஒவ்வொன்றின் கீழும் உள்ள 'மேற்கோள் காட்டியவை' இணைப்பைத் திறந்து, மேற்கோள் காட்டிய கட்டுரைகளுக்குள் மட்டும் தேடும் பெட்டியை டிக் செய்யுங்கள். வேக்ஃபீல்டு கட்டுரைக்குத் 'தடுப்பூசி', 'திரும்பப் பெறல்' என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைப் போட்டால், மறுக்கும் கட்டுரைகளாக வந்து விழும்.

1977 கட்டுரையின் வழியே போனால் வேறு கதை. 2011இல் கலிஃபோர்னியாவில் 192 ஜோடி இரட்டையரை வைத்து நடந்த ஆய்வு, மரபின் பங்கு 40 சதவீதத்துக்கும் கீழே என்றது. 2019இல் ஐந்து நாடுகளின் 20 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பதிவேட்டை வைத்த ஆய்வு, சுமார் 80 சதவீதம் என்றது. அளவில் சண்டை இருக்கிறது, ஆனால் மரபுக்குப் பங்கு உண்டு என்ற அடிப்படை நிற்கிறது. உங்கள் ஆய்வாளரின் முதல் மூன்று கட்டுரைகளுக்கு இதைச் செய்யுங்கள். மேற்கோள் காட்டிய சமீபத்திய கட்டுரைகளில் பத்தைத் திறந்து, அவர் பெயர் வரும் வாக்கியத்தை மட்டும் படித்தால் போதும்.

80 சதவீதம் என்பதைப் பெற்றோர் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் குழந்தையின் ஆட்டிசத்தில் 80 பங்கு உங்களிடமிருந்து வந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. மக்கள்தொகையில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டால் வருகிறது என்ற கணக்கு அது. அப்பா அம்மா இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றும் மாற்றங்களும் உண்டு. 2007இல் ஜொனாதன் செபாட் குழு 'சயின்ஸ்' இதழில் காட்டியது அதைத்தான்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதும் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பப்மெட்டில் பக்கத்தின் மேலேயே எச்சரிக்கை இருக்கும். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, இத்தகைய கட்டுரைகளின் தரவுத்தளத்தை 2023இல் கிராஸ்ரெஃப் என்ற அமைப்பு வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதில் பெயரைப் போட்டுத் தேடலாம். ஒன்று இருந்தால் காரணத்தைப் படியுங்கள். தன் பிழையைத் தானே கண்டு திரும்பப் பெறுபவர்களும் உண்டு, அவர்களை மோசடிக்காரர்களோடு சேர்க்கக் கூடாது.

யாருடைய ரத்தம்?

டெல்டாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இது முக்கியம். 2019இல் 'நேச்சர் ஜெனெடிக்ஸ்' இதழில் வந்த, ஆட்டிசம் உள்ள 18,381 பேரை வைத்த பெரிய ஆய்வின் மாதிரியில் பெரும்பகுதி டென்மார்க்கைச் சேர்ந்தது. இந்தத் துறையின் பெரிய எண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடமிருந்து வந்தவை. அதனால் நம் குழந்தைக்கு மரபணுச் சோதனை செய்தால், 'முக்கியத்துவம் தெரியாத மாற்றம்' என்ற வரி ரிப்போர்ட்டில் வரும் வாய்ப்பு கூடுதல். ஒப்பிட்டுப் பார்க்க நம்மவர்களின் தரவு குறைவு, அதுதான் காரணம்.

அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டிய குடும்பங்கள் நம் பக்கம் இன்னும் உண்டு. 'சொந்தத்தில் கட்டியதால்தான் வந்ததா?' என்பது பெற்றோர் மெதுவாகக் கேட்கும் கேள்வி. 2008இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, மத்தியக் கிழக்கு, துருக்கி, பாகிஸ்தான் பகுதிகளின் உறவுமுறைத் திருமணக் குடும்பங்களைக் கொண்டே சில மரபணுக்களைத் தேடிக் கண்டது. சில குடும்பங்களில் இருவழியாகவும் வரும் ஒரே மாற்றம் காரணமாகலாம் என்பது அதன் பாடம். ஆனால் சொந்தமே இல்லாத பெற்றோரின் குழந்தைகளுக்கும் ஆட்டிசம் வருகிறது, சொந்தத்தில் கட்டிய பெரும்பாலோரின் குழந்தைகளுக்கு வருவதில்லை. உங்கள் குடும்பத்துக்கு எது பொருந்தும் என்பதை மரபணு ஆலோசகர்தான் சொல்ல முடியும். ஆய்வாளரின் பட்டியலில் தென்னிந்தியக் குடும்பங்களை வைத்த வேலை ஏதும் இருந்தால், சைட்டேஷன் இருபதே என்றாலும் அதை முதலில் படியுங்கள்.

முழுக் கட்டுரை எங்கே கிடைக்கும்?

பப்மெட் சென்ட்ரலில் ஏராளமானவை இலவசம். அரசுக் கல்லூரி, அரசுப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்கு 2025 தொடக்கத்திலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் பல ஆயிரம் இதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமோ பாரதிதாசன் பல்கலைக்கழகமோ, நூலகரிடம் உள்நுழைவு விவரம் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் தொடர்புக்குரிய ஆசிரியருக்கு இரண்டு வரி மெயில் போடுங்கள், பெரும்பாலும் அனுப்பி வைப்பார்கள். பழைய கட்டுரைகளைத் தேடும்போது 'இன்ஃபன்டைல் ஆட்டிசம்', 'ஆஸ்பெர்கர்' என்ற சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2013இல் டிஎஸ்எம்-5 என்ற மனநல நோயறிதல் கையேடு வந்த பிறகுதான் எல்லாம் ஒரே பெயரின் கீழ் வந்தன.

'ஏழு நாளில் வெளியிடுகிறோம், கட்டணம் இவ்வளவு' என்று வாட்ஸ்அப்பில் ஆள் பிடிக்கும் இதழ்களில் வந்தவற்றை எண்ணிக்கையிலேயே சேர்க்காதீர்கள்.

பெற்றோருக்கு ஒன்று. ஆய்வுப் பதிவு நல்ல மருத்துவரைக் காட்டித் தராது. பேச்சுப் பயிற்சியும் தொழில்வழிப் பயிற்சியும் பொறுமையாகக் கொடுக்கும் ஒருவருக்கு ஒரு கட்டுரைகூட இல்லாமல் இருக்கலாம். ஆயிரம் சைட்டேஷன் உள்ளவர் குழந்தைகளையே பார்க்காமல் கம்ப்யூட்டரில் மரபணு வரிசையை அலசுபவராகவும் இருக்கலாம். யாராவது தன் சைட்டேஷனைக் காட்டி மருந்தோ, விலை உயர்ந்த சோதனையோ விற்க வந்தால், அந்த மருந்தைப் பற்றியோ சோதனையைப் பற்றியோ அவர் எழுதிய கட்டுரையைத்தான் கேட்க வேண்டும், மொத்த எண்ணை அல்ல.

கடைசியாகத் தாளை எடுத்து வையுங்கள். பெயரின் எல்லா வடிவங்கள், ஆர்கிட் எண், முதல் பெயராக எத்தனை, கடைசிப் பெயராக எத்தனை, முதல் பத்துக் கட்டுரைகளின் வகை, மூன்று கட்டுரைகளைப் பற்றி மற்றவர்கள் சொன்னது, மாதிரி எந்த நாட்டுக்காரர்கள் என்று வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் எந்தத் தளம், எந்தத் தேதி என்று போட்டுவிடுங்கள். கூகுள் ஸ்காலர் எண் அடிக்கடி மாறும். பிஎச்.டி. நேர்காணலில் 'ஏன் இவரிடம் சேர நினைக்கிறாய்' என்று கேட்டால், தேதி போட்ட அந்தத் தாளிலிருந்தே பதில் சொல்லலாம்.